புள்ளியும் வட்டமும் எப்படி ஒரு நிலத்தின் கதையாகின்றன?

ஓவியம் படிக்கும் ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை ஊர்க்காரர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் ஓவியங்களை ஒரு கண்காட்சியில் பார்த்திருக்கிறார். "ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஓர் இடத்தின் பெயர் போட்டிருக்கிறது. ஆனால் படத்தில் மலை இல்லை, மரம் இல்லை, அடிவானம்கூட இல்லை. புள்ளி, வட்டம், கோடு அவ்வளவுதான். இதை எப்படி நிலத்தின் கதை என்கிறார்கள்? இதே பாணியில் எங்கள் ஊர் ஏரியை நான் வரையலாமா?" என்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் நீளம். இரண்டாவதற்கான பதிலும் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும். இருந்தாலும் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

நாம் கல்லூரியில் பழகும் நிலக்காட்சி ஓவியத்தில் ஒருவர் ஓரிடத்தில் நின்று பார்க்கிறார், கண்ணில் பட்டதை வரைகிறார். அவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை. காலையில் பேருந்தில் வந்து இறங்கி, நல்ல வாட்டர்கலர் ஒன்றை முடித்துவிட்டு மத்தியானம் கிளம்பிவிடலாம். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இது நடக்காது. அங்கே ஒருவர் தனக்குப் பாத்தியப்பட்ட இடத்தைத்தான் வரைகிறார். அங்கே ஆதியில் யார் வந்தார்கள், எங்கே தங்கினார்கள், என்ன செய்தார்கள், தண்ணீர் எங்கே ஊறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. இந்த இரண்டிலிருந்தும்தான் படம் பிறக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கும்.

மணலிலிருந்து தொடங்குகிறேன். பாலைவனத்துப் பெண்கள் குழந்தைகளுக்குக் கதை சொல்லும்போது விரலால் மணலில் வரைந்துகொண்டே சொல்வார்கள். மணலில் உட்கார்ந்து எழுந்தவர் விட்டுப்போன தடம் லாட வடிவில் இருக்கும். ஆகவே லாடம் போட்டால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பக்கத்தில் கிழங்கு தோண்டும் கம்பு இருந்தால் பெண், ஈட்டி இருந்தால் ஆண். ஈமு பறவை போனதென்றால் மூன்று விரல் தடம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போட்டால் தண்ணீர் ஊறும் குழி, அல்லது முகாம், அல்லது அடுப்பு நெருப்பு. வட்டத்துக்கு வட்டம் இழுத்த கோடு, நடந்த வழி. ஒரு காட்சி முடிந்ததும் கையால் அழித்துவிட்டு அடுத்ததை வரைவார்கள். எல்லாமே தரையில் பதிந்த தடங்கள். எல்லாமே மேலிருந்து பார்த்தவை. அடிவானம் இல்லாததன் காரணம் இதுதான். துணியில் வரையும்போதும் அதைத் தரையில் விரித்து, சுற்றி உட்கார்ந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைவார்கள். பல படங்களுக்கு மேல், கீழ் என்று ஒன்று கிடையாது.

இணையத்தில் 'இந்தக் குறிக்கு இந்த அர்த்தம்' என்று அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். அவற்றை நம்பி ஒரு படத்தைப் படித்துவிட முடியாது. ஒரே வட்டம் ஒரு படத்தில் நீர்க்குழி, இன்னொன்றில் குன்று. எந்த இடம், யாருடைய கதை என்று தெரிந்தால்தான் வட்டம் பேசும்.

மணலில் வரைந்த இந்தக் குறிகள் பலகைக்கும் துணிக்கும் வந்தது 1971-இல். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி பப்பூன்யா என்ற அரசுக் குடியிருப்பு. பின்டுபி, லுரிட்ஜா, வால்பிரி, அன்மாட்யர், அரண்டா என்று பல இனத்தாரைத் தங்கள் தங்கள் நிலத்திலிருந்து கொண்டுவந்து ஒரே இடத்தில் வைத்திருந்தார்கள். அங்கே பள்ளி ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன், சுவரில் ஓவியம் தீட்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். அப்புறம் கிடைத்த பலகை, ஹார்ட்போர்டு துண்டு எல்லாவற்றிலும் வரைய ஆரம்பித்தார்கள். 1972-இல் 'பப்பூன்யா டூலா ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனமே உருவாகிவிட்டது. அந்தச் சுவரோவியத்தை மட்டும் 1974-இல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். இந்தக் கலையின் வரலாற்றில் எனக்கு ஆறாத வருத்தம் அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடுங்கப்பட்ட மக்கள் தாங்கள் பார்க்க முடியாத நிலத்தை வரைந்தார்கள். பலரின் நீர்நிலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே கிடந்தன. எதிரே காட்சி என்று ஒன்று இல்லை. நினைவும் பாட்டும் சடங்குமே அந்த இடங்களைக் கையில் வைத்திருந்தன. 'ஜுகுர்பா' என்று அவர்கள் சொல்வது மூதாதையர் நிலத்தின் மீது நடந்து, நடந்த வழியெங்கும் மலையும் நீரும் சட்டமும் உண்டாக்கிய கதை. அது முடிந்துபோன பழங்கதையும் இல்லை. அந்த இடத்தில் இன்றும் இருக்கிறது என்றே பேசுவார்கள்.

சரி, புள்ளிகள்? சடங்கில் உடம்பிலும் தரையிலும் போடும் கோலங்களில் புள்ளி முன்பே உண்டு. ஆனால் படம் முழுக்கப் புள்ளி நிறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆரம்பகாலப் பலகைகளில் தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே பார்க்க வேண்டிய பொருள்கள் வெளிப்படையாக இருந்தன. வேறு ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக் கொதித்தார்கள். அதன்பின் ஓவியர்கள் அவற்றை விட்டுவிட்டார்கள், சிலவற்றைப் புள்ளிகளால் மூடினார்கள். நமக்கு அழகாகப் படுகிற அந்தப் புள்ளிப் பரப்பில் ஒரு பகுதி, சொல்லாமல் விட்டதன் மேல் போட்ட திரை. ஓர் இடத்தின் கதையைச் சொல்வதில் எதைச் சொல்லக் கூடாது என்பதும் சேர்த்தி என்பதை நான் இவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆரம்பப் பலகைகளை அருங்காட்சியகங்கள் இன்றும் பொதுப்பார்வைக்கு வைப்பதில்லை.

உரிமை எப்படி நிர்ணயமாகிறது என்பது தமிழ் ஆட்களுக்குச் சுலபமாகப் புரியும். வால்பிரி மக்களிடம் ஓர் இடத்தின் கதைக்குத் தந்தைவழிப் பாத்தியதை உள்ளவர்கள் 'கிர்டா'. அந்த வம்சத்துப் பெண்களின் பிள்ளைகள், அதாவது நம் கணக்கில் மருமக்கள், 'குர்டுங்குர்லு'. கிர்டா சடங்கைச் செய்வார், படத்தை வரைவார். குர்டுங்குர்லு கூட இருந்து சரியாக நடக்கிறதா என்று பார்ப்பார், தப்பானால் திருத்துவார். ஒருவர் தனியாக, தன் இஷ்டத்துக்கு எதையும் வரைந்துவிட முடியாது. தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டில் காதுகுத்து நடக்காததைப் போல, இரண்டு பக்கமும் இருந்தால்தான் காரியம் செல்லும்.

வால்பிரி மக்களின் யூண்டமு ஊரில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடம் வெள்ளைக்காரக் கட்டடமாகவே இருக்கிறது, பிள்ளைகள் தங்கள் நிலத்தை அங்கே பார்க்கவே முடியவில்லை. ஐந்து பெரியவர்கள் சேர்ந்து பள்ளியின் 30 கதவுகளில் வரைந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அந்தக் கதவுகளில் வந்தன. பிள்ளைகள் தினமும் தள்ளித் திறக்கிற கதவு அது. கிறுக்கினார்கள், கீறினார்கள், வெயிலும் புழுதியும் தின்றன. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1995-இல், தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் அவற்றை வாங்கிப் பழுது பார்த்தது. பிள்ளைகளின் கிறுக்கலோடு இருந்த அந்தக் கதவுகளைத்தான் நான் இந்தக் கலையின் உயர்ந்த படைப்புகளில் வைப்பேன். கோடிக்கணக்கில் ஏலம் போன படங்கள் இருக்கின்றன, தெரியும். ஆனால் இவை யாருக்காக வரையப்பட்டனவோ அவர்கள் கைபட்டுத் தேய்ந்தவை.

இனி நுராரா என்ற பெரிய துணி ஓவியம். நீங்கள் ஒரே ஒரு படத்தைப் பற்றிப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரேட் சாண்டி பாலைவனம். வால்மஜாரி, வங்கஜுங்கா, மங்கலா, ஜுவாலினி மொழிகளைப் பேசுகிறவர்கள் இருபதாம் நூற்றாண்டில் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே கிம்பர்லி மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். 1990-களில் பூர்வீக நில உரிமைச் சட்டம் வந்ததும் தங்கள் பாலைவனத்தைக் கேட்டு மனுப் போட்டார்கள். விசாரணை ஆங்கிலத்தில். தங்களுக்குத் தெரிந்ததை அந்த மொழியில், அந்த முறையில் சொல்லவே முடியவில்லை. சரி, வரைந்து காட்டுகிறோம் என்று முடிவெடுத்தார்கள். 1996-இல் ஒரு துணி வரைந்தார்கள், அது போதவில்லை. 1997-இல் பாலைவன விளிம்பில் பிர்னினி என்ற இடத்தில் 8 மீட்டருக்கு 10 மீட்டர் துணியை விரித்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து வரைந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தன் நீர்நிலை இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார். துணியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் நிலத்திலும் பக்கத்துக்காரர்.

அதில் முக்கியமானவை 'ஜிலா'க்கள், வற்றாத ஊற்றுகள். ஒவ்வொரு ஜிலாவிலும் மழை கொண்டுவரும் ஒரு மூதாதை பாம்பாக உறைகிறார். 'ஜுமு' என்றால் மழைக்குப் பிறகு சில காலம் மட்டும் நீர் நிற்கும் ஊற்று. பாலைவனத்தில் உயிர் பிழைப்பதே இந்த வித்தியாசம் தெரிந்திருப்பதில்தான் இருக்கிறது. எந்த ஊற்றிலிருந்து எந்த ஊற்றுக்குப் போகலாம், எப்போது போகலாம் என்பது அந்தத் துணியில் இருக்கிறது. நமக்கு அது சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் ஓவியம், தெரிந்தவருக்கு வழி.

மனுவை விசாரித்த பூர்வீக நில உரிமைத் தீர்ப்பாயத்தார் பிர்னினிக்கே வந்து கேட்டார்கள். மனுதாரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் துணியில் தங்கள் இடத்தின் மேல் ஏறி நின்று, தங்கள் மொழியில் அந்த இடத்தின் கதையைச் சொன்னார்கள். ஓவியத்தின் மேல் மிதிக்கலாமா என்ற பதற்றம் அவர்களுக்கு இல்லை. சொந்த மண்ணில் நிற்பதாகவே நின்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல், நீதிமன்றம் அவர்களது உரிமையை ஏற்றது. எழுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம்.

அந்தத் துணியை வெட்டிக்கொண்டு ஒரு கோடு போகிறது. அது கேனிங் ஸ்டாக் ரூட், மாடுகளை ஓட்டிச் செல்ல வெள்ளையர் போட்ட 1,850 கிலோமீட்டர் தடம். ஆல்ஃபிரட் கேனிங் 1906-07-இல் அளந்தபோது தண்ணீர் இருக்கும் இடங்களை அறிய இந்த மக்களைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி முன்னால் நடக்கவிட்டார். 1908-இல் விசாரணைக் கமிஷன்கூட அமைந்தது. அவரைக் குற்றமற்றவர் என்று விட்டது. அரசு வரைபடத்தில் பாலைவனத்தின் நடுவே கண்ணில் படுவது அந்தத் தடமும் எண் போட்ட கிணறுகளும்தான். நுராரா துணியில் அது ஊற்றுகளுக்கு நடுவே புகுந்து போகும் ஒரு கோடு மட்டும். அந்தக் கிணறுகளுக்கு எண் போடுவதற்கு முன்னால் பெயர் இருந்தது என்பதை வேறு எப்படியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

வடக்கே கடலோரத்தில், ஆர்னம் லேண்டில், யோல்ங்கு மக்களின் ஓவியம் வேறு மாதிரி. அங்கே புள்ளி முக்கியமில்லை, துணியும் இல்லை. யூகலிப்டஸ் வகை மரம் ஒன்றின் பட்டையை மழைக்காலத்தில், சாறு ஓடும்போது, உரிப்பார்கள். அப்போதுதான் கிழியாமல் வரும். நெருப்பில் வாட்டி, கனம் வைத்துத் தட்டையாக்குவார்கள். காவிக்கல், மஞ்சள் மண், வெள்ளைக் களிமண், கரி இவைதான் வண்ணம். 'மர்வட்' என்ற தூரிகையில் மனிதத் தலைமயிர் சில இழைகள் நீளமாக இருக்கும். அதை வண்ணத்தில் தோய்த்து, பட்டையின் மேல் படுக்கவைத்து, மெதுவாக இழுத்தால் ஒரு மெல்லிய கோடு. அடுத்தது அதை ஒட்டி. பிறகு குறுக்கே. இப்படி ஆயிரக்கணக்கான கோடுகளில் பட்டை மினுமினுக்க ஆரம்பிக்கும். அந்த மினுமினுப்பை மூதாதையின் சக்தி என்கிறார்கள்.

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கோலம். மதர்ப்பா குலத்துக்கு வைரக்கட்டம். 'பாரு' என்ற முதலை மூதாதை நெருப்பில் எரிந்து கடலில் இறங்கியபோது முதுகில் பதிந்த தழும்பு அது. அந்த நெருப்பு இன்றும் அங்கே நீருக்கடியில் இருக்கிறது என்பார்கள். வைரக்கட்டத்தின் அளவும் அமைப்பும் மாறினால் அது வேறு குலத்தின் நீர்.

1996-இல் கரங்காலி என்ற புனித இடத்தில், பாருவின் இடத்தில், அத்துமீறி மீன்பிடிக்க வந்தவர்கள் விட்டுப்போன முகாமைக் கண்டார்கள். அங்கே ஒரு சாக்கில் வெட்டப்பட்ட முதலைத் தலை கிடந்தது. யோல்ங்கு ஓவியர்கள் 47 பேர் சேர்ந்து 80 மரப்பட்டைகளில் தங்கள் கடலை வரைந்தார்கள். எந்த நீரோட்டம் யாருடையது, நன்னீரும் உப்பு நீரும் எங்கே கலக்கின்றன, எந்தப் பாறை யார் கதை, எல்லாம் வந்தது. அந்தத் தொகுப்பு இப்போது ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பழங்குடி நிலத்தை ஒட்டிய ஓதக் கடல்நீரில் நுழைய நில உரிமையாளர்களின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஓவியம்தான் வழக்கை வென்றது என்று நான் சொல்லவில்லை. சட்ட வாதங்கள் தனி. ஆனால் கடலுக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதை நாடு முழுவதும் போய்க் காட்டியவை அந்தப் பட்டைகள்.

இதற்கு முன்னோடியும் அவர்களே. 1963-இல் பாக்சைட் சுரங்கத்துக்காகத் தங்கள் நிலத்தை எடுத்தபோது, யிர்க்காலா மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த மனுவைச் சுற்றி மரப்பட்டையில் குலக் கோலங்கள். மனு தோற்றது, 1971-இல் வழக்கும் தோற்றது. ஆனால் அதிலிருந்துதான் 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்துக்கு வழி பிறந்தது. அந்த மனுக்கள் இன்று கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: இதே பாணியில் வரையலாமா? வேண்டாம். காரணத்துக்கு இரண்டு சம்பவங்கள் போதும்.

1966-இல் ஆஸ்திரேலியா புதிய ஒரு டாலர் நோட்டு அடித்தது. அதில் இருந்த பழங்குடிக் கோலம், டேவிட் மலாங்கி என்ற ஓவியருடையது. அவருடைய குல மூதாதையான வேட்டைக்காரரின் ஈமச்சடங்கு. யாரும் அவரிடம் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்தபின் ரிசர்வ் வங்கித் தலைவர் அவருக்கு 1,000 டாலரும் ஒரு பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தார். இன்னொன்று, 1990-களில் நடந்தது. ஒரு நிறுவனம் பழங்குடி ஓவியர்களின் படங்களை அனுமதி இல்லாமல் வியட்நாமில் கம்பளமாக நெய்து இறக்குமதி செய்தது. அதில் பண்டுக் மரிக்கா வரைந்த புனித நீர்நிலையும் இருந்தது. காலடியில் போட்டு மிதிக்கும் கம்பளம்! நுராராவில் துணி மேல் நின்றவர்கள் சொந்த இடத்தில் நின்றவர்கள். இது அந்நியர் கால். அந்தப் படம் தவறான இடத்துக்குப் போனதற்கு மரிக்காதான் தன் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர் விற்காவிட்டாலும்கூட. 1994-இல் நீதிமன்றம் 1,88,640 டாலர் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகையில் பண்பாட்டுக்கு நேர்ந்த கேட்டையும் கணக்கில் எடுத்தது.

ஆக, புள்ளியைக் கடன் வாங்கினால் கிடைப்பது வெறும் புள்ளி. எடுத்துக்கொள்ள வேண்டியது வேலை செய்யும் முறை. அது நமக்கும் புதிதல்ல. திருவாரூர் தியாகராசர் கோயிலில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தைப் போய்ப் பாருங்கள். முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராசரைக் கொண்டுவந்த கதை, பதினேழாம் நூற்றாண்டில் சிங்காதனம் என்ற ஓவியர் தீட்டியது. கீழே தமிழில் விளக்கம். ஒரே மாதிரி ஏழு திருவுருவங்கள் வந்து, திருவாரூரில் ஒன்றும் திருநள்ளாறு, நாகை, திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு என்று மற்ற ஆறும் அமர்ந்த கதை அது. ஏழு ஊர்களை ஒரே கதையில் கோக்கிறது. அங்கேயும் நின்று பார்க்கும் ஒற்றைக் கண் கிடையாது. ஒரே ஆள் பத்து இடத்தில் வருவார், காலம் பட்டை பட்டையாக நகரும்.

உங்கள் ஏரிக்கு வருவோம். கரையில் நின்று சூரிய அஸ்தமனத்தை வரைய வேண்டாம். அதற்கு எந்த ஏரியும் போதும். முதலில் கிராம வரைபடத்தை வாங்குங்கள். அதில் உங்கள் ஏரி ஒரு சர்வே எண், 'ஏரி புறம்போக்கு', அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கித் தரையில் விரித்துவிட்டு, ஏரிக்கு நீர்க்கட்டியாக, அதாவது மதகைத் திறந்து மூடித் தண்ணீர் விடுபவராக, இருந்தவரையோ அவர் பிள்ளையையோ கூட்டிவந்து உட்கார வையுங்கள். வரத்துக்கால் எந்த மேட்டிலிருந்து வருகிறது, எந்த மதகைத் திறந்தால் எந்தக் கழனிக்கு முதலில் பாயும், தண்ணீர் குறைந்த வருஷம் எந்த மடைக்கு இல்லை என்றார்கள், ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் எந்தத் தெரு முதலில் முழுகும், கரை உடைந்த வருஷம் எங்கே உடைந்தது என்று அவர் காட்டுவார். கரையில் இருக்கும் கன்னிமார் ஏன் அந்த இடத்தில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், இதைத் தள்ளிப் போடாதீர்கள். பல ஊர்களில் ஏரியைக் கையால் அறிந்தவர் நீர்க்கட்டி. ஏரியைப் பற்றிப் பேசும் உரிமை ஆயக்கட்டில், அதாவது ஏரிநீர் பாயும் பரப்பில், நிலம் வைத்திருந்தவருக்கு. நீர்க்கட்டி குடும்பம் பெரும்பாலும் சேரியில் இருந்தது. அவர்கள் திறந்துவிட்ட தண்ணீரில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் இருந்திருக்காது. உங்கள் ஊரில் எப்படி என்று நீங்களே போய்க் கேளுங்கள், இரண்டு பக்கமும் கேளுங்கள். எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்று இருந்தது என்பதையும் கேளுங்கள். இரண்டு தரப்பின் ஏரியும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் ஒரே துணியில் வைக்க ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. யாராவது ஒரு கதையைச் சொல்லிவிட்டு 'இதைப் போடாதே' என்றால் போடாதீர்கள்.

குறிகளை அதற்குப் பிறகு தேடுங்கள். மதகுக்கு என்ன குறி, உடைந்த கரைக்கு என்ன குறி என்று அவர்கள் தரையில் குச்சியால் கீறிக் காட்டும்போதே சில வந்துவிடும். அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் கண்காட்சிக்கு அனுப்புவதற்கு முன் அதே ஆட்களிடம் காட்டுங்கள். மதகு இடம் மாறியிருந்தால் சொல்வார்கள், திருத்துங்கள். படத்தின் கீழே உங்கள் பெயரோடு அவர்கள் பெயரும், அவர்கள் சம்மதித்தால், வர வேண்டும். படம் விற்றால் பணத்திலும் பங்கு போக வேண்டும். பாலைவனத்து ஓவியர்கள் தங்களுக்கென்று சொந்த நிறுவனம் வைத்துக்கொண்டதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.